உயிரோடு இருப்பவர்களுக்கு ஒப்பாரி

பெரியப்பா காலமாகி ஒரு வருடம் நிறைவதற்குள் அவர் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகளை நூலாக்கித் தரும்படி ரொறன்ரோவிலிருந்து பெரியம்மா கேட்டிருந்தார். மூன்று சீ.ஆர். கொப்பிகளும் ஒரு கணக்குக் கொப்பியும் தபாலில் வந்து சேர்ந்தன. கிளிநொச்சிப் பக்கத்தில் மத்தியதர வகுப்புத் திட்டத்தின் கீழ் கிடைத்த காணியில் காடு வெட்டி, கிணறு தோண்டி, நெல்லும் தென்னையும் வைத்து ஆளான கதை அது. மலேரியாவும் யானையும் இரணைமடுத் தண்ணீருக்கான சண்டையும் அதில் உண்டு. நன்றாகவே எழுதியிருந்தார்.

நான் மெல்பேர்ணுக்கு வந்து இருபத்தெட்டு வருடங்களாகின்றன. சில காலமாக இந்த நாட்டின் குடியேற்றக் கால நாட்டுப்புற நினைவு நூல்களையும் குடும்பக் கடிதத் தொகுப்புகளையும் தேடி வாசித்து வருகிறேன். எந்தப் பழைய புத்தகக் கடைக்குப் போனாலும் ஒரு தட்டாவது இவற்றால் நிறைந்திருக்கும். வாங்குவோர் குறைவு, விலையும் மலிவு. முன்பெல்லாம் அவற்றை யாரோ ஒருவருடைய வீட்டுக் கதையாகத்தான் வாசித்தேன். பெரியப்பாவின் கொப்பிகளைத் தட்டச்சு செய்யத் தொடங்கிய பிறகு சிலவற்றை மீண்டும் எடுத்தேன். இரண்டாம் முறை அவை வேறு நூல்களாக இருந்தன.

இந்த வகை நூல்களின் அமைப்புப் பெரும்பாலும் ஒன்றுதான். கப்பலில் வருகை, மாட்டு வண்டியில் உள்நாட்டுப் பயணம், மரப்பட்டைக் குடிசை, முதல் செம்மறி மந்தை, வெள்ளம், வரட்சி, காட்டுத்தீ, வழிப்பறிக் கொள்ளையர், அயல் வீட்டுத் திருமணம். இடையில் ‘கறுப்பர்கள்’ பற்றி ஒரு அத்தியாயம். அதில் அவர்கள் திருடுவார்கள், வேட்டையாடுவார்கள், சிலர் விசுவாசமாக இருப்பார்கள். அத்தியாயம் முடிந்ததும் அவர்களும் முடிந்துவிடுவார்கள். எங்கே போனார்கள், எப்படிப் போனார்கள் என்று எழுதியவரும் சொல்வதில்லை, வாசிப்பவரும் கேட்பதில்லை. நூலை எழுதுபவர் அநேகமாக ஒரு ஸ்குவாட்டர். அதாவது அரசு காணியை அளந்து கொடுக்குமுன் மந்தையோடு போய் அமர்ந்துகொண்டவர். நமது கச்சேரிகளில் இதற்கு ‘அத்துமீறிக் குடியிருப்பவர்’ என்று பெயர். இங்கே அது ஓர் உயர்குடிப் பட்டமாகிவிட்டது.

எல்லா நூல்களும் ஒரே மாதிரி மௌனமானவை என்று நினைத்திருந்தேன். அது தவறு. மிகப் பழைய ஆவணங்களில் மௌனம் குறைவு.

1853 யூலையில் விக்ரோரியாவின் துணை ஆளுநர் சார்ள்ஸ் லட்ரோப் தனது பகுதியின் ஆரம்பக் குடியேறிகளுக்கு ஒரு சுற்றுநிருபம் அனுப்பினார். நீங்கள் எப்போது வந்தீர்கள், எந்த நிலத்தைப் பிடித்தீர்கள், அப்போது அங்கே யார் இருந்தார்கள், அவர்களுடன் உறவு எப்படி இருந்தது என்று கேட்டிருந்தார். பதவியை விட்டுப் போனபின் ஒரு வரலாறு எழுதும் எண்ணம் அவருக்கு இருந்தது. பதில்கள் வந்தன. 1854இல் அவற்றைக் கையோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். வரலாறு எழுதப்படவே இல்லை. 1872இல் கடிதங்களை மெல்பேர்ணுக்குத் திருப்பி அனுப்பினார். பொது நூலகத்தின் நூலகராக இருந்த தோமஸ் பிரைட் பதிப்பித்து அவை நூலாக வெளிவந்தது 1898இல். எழுதப்பட்டு 45 வருடங்களின் பின்.

அவற்றில் ஒரு கடிதத்தை இந்த நாட்டின் மிக நல்ல உரைநடைகளில் ஒன்றாக நான் வைப்பேன். விக்ரோரியாவின் மேற்கே, இன்றைய கஸ்டர்டனுக்கு அருகே வாண்டோ வேலில் இருந்த ஜோன் ரொபர்ட்சன் எழுதியது. 1840இல் வந்தபோது கண்ட புல்வெளியை முதலில் சொல்கிறார். பிறகு பதின்மூன்று வருடங்களில் நடந்ததைச் சொல்கிறார். ஆழ வேரோடி மண்ணைப் பிடித்துவைத்திருந்த புற்கள் செம்மறியின் வாய்க்கும் குளம்புக்கும் தப்பவில்லை. புல் போனதும் களிமண் குன்றுகள் வெயிலில் பிளந்தன, சரிந்தன. புல்லோடிய ஓடைகளில் ஆழமான வெட்டுவாய்கள் தோன்றின. பள்ளங்களில் உப்பு நீர் ஊறத் தொடங்கியது. இன்று இந்த நாட்டு விவசாயத் திணைக்களங்கள் உவர்நிலம் பற்றி எழுதும் அறிக்கைகளின் முதல் பக்கம் இந்தக் கடிதம்தான் என்று சொல்லலாம். அதை எழுதியவர் விஞ்ஞானி அல்லர். செம்மறி வைத்திருந்தவர், தன் செம்மறியே காரணம் என்று கண்டவர்.

அதே கடிதத்தில், அதே குரலில், அயலவர்களான வைட் சகோதரர்கள் 1840இல் செய்த கொலையையும் எழுதுகிறார். செம்மறிகளைக் கொண்டுபோன பூர்வகுடி ஆண்களைத் துரத்திப்போய்ச் சுட்டார்கள். 51 பேர் என்று எண்ணிக்கை தருகிறார். மனித எலும்பும் செம்மறி எலும்பும் கலந்து வெயிலில் வெளுத்துக் கிடந்ததைச் சொல்கிறார். கண்டனமாகப் பெரிதாக எதுவும் இல்லை. மறைப்பும் இல்லை. குன்று சரிந்ததும் மனிதர் சுடப்பட்டதும் அவருக்கு ஒரே நிலத்தின் செய்திகள்.

ரொபர்ட்சன் ஏன் இப்படி எழுத முடிந்தது? அவர் மற்றவர்களைவிட நல்லவர் என்பதால் அல்ல. அவர் யாருக்கு எழுதினார் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஊரை விட்டுப் போகப்போகும் ஓர் அதிகாரிக்கு அது தனிக்கடிதம். வாசிக்கப்போவது பேரப்பிள்ளைகள் அல்ல. நிலத்துக்கு இன்னும் பெருமை சேரவில்லை. காக்க வேண்டிய குடும்பப் பெயரும் இல்லை. முப்பது நாற்பது வருடங்கள் கழிந்து, மாளிகை கட்டி, பிள்ளைகள் சட்டசபைக்குப் போனபின் எழுதப்பட்ட ‘நினைவுகள்’ இவ்வளவு திறந்த வாயோடு பேசுவதில்லை.

அந்தப் பிற்கால நூல்களில் மிகச் சிறந்தது, ஆகவே மிக அதிகத் தீங்கு செய்தது, எட்வேர்ட் கர்ரின் நூல். 1883இல் வெளிவந்தது. விக்ரோரியாவில் தான் ஸ்குவாட்டராக இருந்த 1841 தொடக்கம் 1851 வரையான பத்து வருடங்களைப் பற்றியது. கர் 1820இல் ஹோபார்ட்டில் பிறந்து இங்கிலாந்தில் படித்தவர். தந்தை வான் டீமன்ஸ் லாந்து கம்பனியின் முகாமையாளர். 1828இல் ரஸ்மேனியாவின் கேப் கிறிமில் பூர்வகுடிகளைக் கொன்றவர்கள் அந்தக் கம்பனியின் மேய்ப்பர்கள். மகனின் நூல் 1841இல் தொடங்குவதால் அந்தக் கதை அதற்கு வெளியே நிற்கிறது.

கர் எழுதத் தெரிந்தவர். நகைச்சுவை உண்டு, தன்னையே கேலி செய்வார். மரே ஆறும் கோல்பேர்ண் ஆறும் பெருகிக் காட்டுக்குள் ஏறும் காலத்தை அவர் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுத்தான் முதன்முதலில் நான் பார்மா காட்டுக்குப் போனேன். தண்ணீரில் நிற்கும் சிவப்பு யூகலிப்டஸ் மரங்களும் நாணல் வெளிகளும் அப்படியே இருந்தன. பங்கராங் என்று அவர் குறிப்பிடும் அந்த நிலத்து மக்களின் மீன்பிடி, ஓடம், உறவுமுறை, மொழி எல்லாவற்றையும் ஆர்வத்தோடு பார்த்தவர். அவர்கள் திட்டமிட்டு இட்ட தீதான் அந்த நிலத்தின் தோற்றத்தை உருவாக்கியது என்பதை அன்றே உணர்ந்து எழுதியவர். இதை ஏற்றுக்கொள்ள மற்றவர்களுக்கு இன்னும் நூறு வருடங்கள் தேவைப்பட்டன.

ஆனால் நூல் முழுவதையும் ஒரு சாயங்கால வெளிச்சம் மூடியிருக்கிறது. அந்த மக்கள் போய்விட்டார்கள், நான் மட்டும் நினைத்துப் பார்க்கிறேன் என்ற தொனி. படிக்கும்போது நெஞ்சு கனக்கும். முதல் வாசிப்பில் எனக்கும் கனத்தது. பிறகுதான் ஆண்டுகளைக் கணக்குப் பார்த்தேன். நூல் வெளிவந்தபோது அவர்கள் எங்கும் போய்விடவில்லை. ஆற்றின் மறுகரையில் மலோகா மிஷனில் இருந்தார்கள். நூலுக்கு இரண்டு வருடங்களுக்கு முன், 1881இல், அங்கிருந்த 42 பேர் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநருக்கு ஒரு மனு எழுதினார்கள். எங்கள் நிலத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள், உழுது பிழைக்க ஒரு துண்டு நிலமாவது தாருங்கள் என்று கேட்டார்கள். கர் அந்த வருடங்களில் மெல்பேர்ணில் பூர்வகுடிகள் பாதுகாப்புச் சபையின் உறுப்பினர். கொரன்டெர்க் குடியிருப்பை மூடிவிட வேண்டும் என்று வாதாடியவர்களில் ஒருவர். அவர்கள் உயிரோடு இருப்பதும் கேட்பதும் அவருக்குத் தெரியும். நூலுக்குள் மட்டும் அவர்கள் இறந்துகொண்டே இருந்தார்கள்.

உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி வைப்பதை எங்கள் ஊரில் அபசகுனம் என்பார்கள். இங்கே அது நூறு வருடங்களுக்குப் பிறகு சட்டமாகியது.

1992இல் மாபோ தீர்ப்பு வந்தது. அதையடுத்து பூர்வகுடி நில உரிமைச் சட்டம் வந்தது. அதன் கீழ் யோர்ட்டா யோர்ட்டா மக்கள் மரே, கோல்பேர்ண் ஆறுகளை அண்டிய பொதுக் காணிகளுக்கும் நீர்நிலைகளுக்கும் உரிமை கோரினார்கள். சட்டம் கேட்டது தொடர்ச்சியை. வெள்ளையர் இறைமை வந்த நாளிலிருந்து இன்றுவரை உங்கள் மரபும் வழக்கமும் அறுபடாமல் வந்திருக்கின்றனவா? வழக்கு நூறு நாட்களுக்கும் மேல் நடந்தது. ஆற்றங்கரைகளிலும் சாட்சியம் கேட்டார்கள். முதியவர்கள், மீன்பிடிப்பவர்கள், தாத்தா பாட்டியிடம் கேட்டதைச் சொன்னவர்கள் என்று பலர் பேசினார்கள். 1998 டிசெம்பரில் சமஷ்டி நீதிமன்ற நீதிபதி ஓல்னி தீர்ப்பளித்தார். அந்தப் பகுதியின் பழைய வழக்கங்களைப் பற்றி அவர் மிக நம்பகமானதாகக் கொண்டது இவர்களின் வாய்மொழியை அல்ல, கர்ரின் எழுத்தை. தேவைக்கு மேல் பிடிக்க மாட்டோம், வீணாக்க மாட்டோம், அது எங்கள் முன்னோரின் வழி என்று சாட்சிகள் சொன்னார்கள். கர் அவர்கள் உணவை வீணாக்கியதாக எழுதியிருக்கிறாரே என்றது தீர்ப்பு. ஆகவே இது மரபு அல்ல, பிற்காலப் பழக்கம். 1881 மனுவும் அவர்களுக்கு எதிராகவே வாசிக்கப்பட்டது. நிலம் பறிபோய்விட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆகவே தொடர்பு அன்றே அறுந்துவிட்டது. வரலாற்றின் ஓதம் அவர்களின் மரபை அடித்துச் சென்றுவிட்டது என்ற பொருள்படத் தீர்ப்பு முடிந்தது. 2002 டிசெம்பரில் உயர் நீதிமன்றமும் ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் மேன்முறையீட்டை நிராகரித்தது.

அந்த ‘ஓதம்’ என்ற உருவகம் மாபோ தீர்ப்பிலிருந்தே வந்தது. ஆனால் அது கர்ரின் சாயங்கால வெளிச்சத்துக்கு உறவு. வற்றுவதும் பெருகுவதும் கடலின் வேலை. அதில் குற்றவாளி யாரும் இல்லை. செம்மறியோடு வந்து அமர்ந்தவன் ஒருவன் இருந்தான், அவன்தான் இந்த நூலை எழுதினான் என்பது அந்த உருவகத்துக்குள் கரைந்துபோகிறது. ஒரு நூலின் தொனி ஒரு தீர்ப்பின் முடிவாக மாறிய சம்பவம் இதைவிடத் துலக்கமாக வேறெதுவும் எனக்குத் தெரியாது. கர்ரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய சாமுவேல் ஃபர்ஃபி 2013இல் வெளியிட்ட தனது நூலின் தலைப்பிலேயே இந்த ஓதத்தை வைத்திருக்கிறார். கர்ரை வாசிப்பவர்கள் அதையும் வாசிக்க வேண்டும்.

இதை நான் விலகி நின்று வாசிக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்கள் நான் உரைபெயர்ப்பாளராக வேலை செய்தேன். அகதி விண்ணப்ப விசாரணை ஒன்றில் முல்லைத்தீவுப் பையன் ஒருவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவன் தன் ஊர் வீதியில் நடந்ததைச் சொன்னான். எதிரே இருந்தவர் ஓர் அறிக்கையைப் புரட்டி, அந்த மாதத்தில் அந்தப் பகுதியில் அப்படி எதுவும் பதிவாகவில்லையே என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. அதை நான் தமிழில் சொன்னேன். பையன் என்னைப் பார்த்து, “அண்ணை, நான் அங்க நிண்டனான்” என்றான். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். யோர்ட்டா யோர்ட்டா தீர்ப்பை வாசித்த இரவு எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பையனின் முகம்.

காகிதத்தின் மீது நமக்கு இருக்கும் பக்தியும் சேர்ந்து ஞாபகம் வந்தது. 1981இல் யாழ். நூலகம் எரிந்த பிறகு ஏட்டையும் கொப்பியையும் காப்பாற்றுவதே வரலாற்றைக் காப்பாற்றுவது என்று ஒரு தலைமுறை வளர்ந்தது. அதில் நானும் ஒருவன். காப்பாற்றிய காகிதத்தை எப்படி வாசிப்பது என்பதை நாம் அவ்வளவாகப் பேசவில்லை.

பேரப்பிள்ளைகள் பதிப்பித்த குடும்பக் காகிதங்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜோர்ஜியானா மக்ரேயின் நாட்குறிப்பை அவருடைய பேரனும் கவிஞருமான ஹியூ மக்ரே 1934இல், மெல்பேர்ண் நூற்றாண்டு விழாக் காலத்தில், வெளியிட்டார். பாட்டியின் வாக்கியங்களுக்குள் தன் கையையும் நுழைத்திருந்தார். குயின்ஸ்லாந்து மேய்ச்சல் நிலத்திலிருந்து ரேச்சல் ஹென்னிங் எழுதிய கடிதங்கள் 1950களின் தொடக்கத்தில் புலட்டின் இதழில் வெளிவந்து பெரும் புகழ் பெற்றன. பதிப்பாசிரியர் டேவிட் அடம்ஸ் அவற்றை எவ்வளவு வெட்டி மாற்றியிருந்தார் என்பது பின்னரே தெரியவந்தது. இரண்டும் வாசிக்கச் சுவையானவை. யாருடைய சுவை என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஒரே பெட்டியை இரண்டு தடவை திறந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் கவிஞர் யூடித் ரைட். 1915இல் ஆர்மிடேலுக்கு அருகே ஒரு மேய்ச்சல் குடும்பத்தில் பிறந்தவர். பாட்டனார் அல்பேர்ட் ரைட்டின் நாட்குறிப்புகளையும் பாட்டி மேயின் நினைவுகளையும் வைத்து 1959இல் ஒரு நூல் எழுதினார். குயின்ஸ்லாந்தின் டோசன் ஆற்றுப் பகுதியில் நிலம் பிடித்து, கடனிலும் வரட்சியிலும் அடிபட்டு, நியூ இங்கிலாந்து மேட்டு நிலத்துக்குத் திரும்பி, 1890இல் கணவன் இறந்தபின் தனித்து நின்று குடும்பத்தைக் கட்டியெழுப்பிய பெண்ணின் கதை. ஒரு நாவலின் வேகம் அதற்கு உண்டு. இந்த நாட்டு நாட்டுப்புறக் குடும்பங்களின் அலுமாரிகளில் அது இன்றும் இருக்கிறது. பூர்வகுடிகள் அதில் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் கதையின் ஓரத்தில், பாட்டனாரின் மனச்சுமையாக நிற்கிறார்கள்.

1981இல், இருபத்திரண்டு வருடங்களின் பின், அதே நாட்குறிப்புகளிலிருந்து இன்னொரு நூல் வந்தது. ‘இறந்தோருக்கான அழுகை’ என்று தமிழில் சொல்லலாம். இடைப்பட்ட காலத்தில் பூர்வகுடிக் கவிஞர் ஊட்ஜெரூ நூனக்கலின் நட்பு அவருக்குக் கிடைத்திருந்தது. 1979இல் தொடங்கிய பூர்வகுடிகளுடனான உடன்படிக்கைக் குழுவிலும் அவர் இருந்தார். இப்போது அவர் கேட்ட கேள்வி வேறு. பாட்டனாரின் மாடுகள் மேய்ந்த நிலத்தில் அதற்கு முன் யார் இருந்தார்கள்? வாட்ஜா மக்கள். அவர்களுக்கு என்ன நடந்தது? நாட்குறிப்பில் பதில் இல்லை, அல்லது இருக்கும் இடத்தில் ஒரு சொல் மட்டும். ஆகவே அரச ஆவணங்கள், சுதேசப் பொலிஸ் பதிவுகள், பழைய பத்திரிகைகள் என்று குடும்பப் பெட்டிக்கு வெளியே போய்த் தேடினார். அதே டோசன் நாட்டில் 1857இல் ஹோர்னட் பாங்கில் ஃபிரேசர் குடும்பத்தவர் உட்பட 11 பேர் யீமன் மக்களால் கொல்லப்பட்டார்கள். பழிவாங்கல் அதன்பின் பல மாதங்கள் நீடித்தது. எத்தனை யீமன் மக்கள் இறந்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. குடும்பம் அந்த நிலத்துக்கு வந்து சேர்ந்தது அந்தக் காலத்துக்குப் பிறகு. நிலம் ஏன் அவ்வளவு ‘காலியாக’ இருந்தது என்பதற்கான விடை அதுதான்.

நேர்மையாகச் சொன்னால் இரண்டாவது நூல் வாசிக்கக் கடினமானது. இடப்பெயர்களும் ஆண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். முதல் நூலில் உரையாடல் எழுதிய கவிஞர் இதில் கையைக் கட்டிக்கொண்டு எழுதுகிறார். தெரியாத இடத்தில் கற்பனை செய்ய மறுக்கிறார். பாட்டனாருக்கு ஒரு மனம் கொடுக்க நாட்குறிப்பு இருந்தது. வாட்ஜா மக்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவர்களின் மனதை நான் எழுதிவிடக்கூடாது என்ற கூச்சம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. சில விமர்சகர்கள் இதை வரட்சி என்பார்கள். எனக்கு இது அவருடைய மிகத் துணிவான நூல். முதல் நூலை அவர் மறுக்கவில்லை, திரும்பப் பெறவும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்க விட்டுவிட்டார். அப்படி வாசிக்கும்போது முதல் நூலின் அழகான வாக்கியங்கள் எங்கெங்கே நின்றுவிடுகின்றன என்பது தெரியும்.

வாய்மொழியும் காகிதமும் சண்டையிடாத நூல் ஒன்றும் உண்டு. பிரிஸ்பேனின் தொம் பெற்றி தன் பழைய நாட்களைச் சொல்லச் சொல்ல மகள் கொன்ஸ்ரன்ஸ் எழுதி, 1904இல் வெளிவந்தது. தொம் 1837இல், ஆறு வயதில், மோரட்டன் குடாவுக்கு வந்தவர். டர்பல் மொழியைப் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பேசிப் பழகியவர். பதினான்கு வயதில் பூர்வகுடிகளோடு நடந்து மலைக்குப் போய் பன்யா விதை விழாவில் இருந்தவர். விதை விழும் பருவத்தில் தூர தேசத்துக் குழுக்களெல்லாம் அங்கே கூடும். எந்த மரம் எந்தக் குடும்பத்துக்கு உரியது என்பதும் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் என்பதும் அவர் நினைவில் இருக்கின்றன. இவர்களுக்குச் சொத்துரிமை தெரியாது என்ற வாதத்தை ஒரு மரமே மறுக்கிறது.

கட்டமைப்பு என்று பார்த்தால் அது ஒழுங்கற்ற நூல். மகள் அடுக்கிவைக்க முயலவில்லை. அப்பா சொன்ன வரிசையில் போகிறது. ஆனால் கர்ரிடம் குறைவாக இருக்கும் ஒன்று இங்கே நிறைய இருக்கிறது: பெயர்கள். 1855இல் பிரிஸ்பேனில் தூக்கிலிடப்பட்ட டண்டாலி, பெற்றிக்கு நிலம் தேடிக்கொடுத்த டலைப்பி, இன்னும் பலர். வெள்ளையர் எங்கள் நிலத்தையும் எடுத்துவிட்டு எங்களைத் திருடர் என்கிறார்கள் என்ற டலைப்பியின் வாதம் அந்த நூலுக்குள் இடம் பெற்றிருக்கிறது. அதைப் பதிந்த குடும்பமும் அதே நிலத்தில்தான் இருந்தது என்பதை மறக்கவில்லை. பெற்றி புனிதர் அல்லர். ஆனால் அவர் சொன்னதை வைத்து அந்த மனிதர்கள் இல்லாமல் போய்விட்டார்கள் என்று ஒரு நீதிபதி எழுதுவது கடினம்.

பழைய மேய்ச்சல் நிலங்களின் கணக்குப் புத்தகங்கள் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. மா, தேயிலை, சீனி, புகையிலை என்று பங்கீடு எழுதி, வாங்கியவர் இடத்தில் ஜக்கி, பில்லி என்று எசமான் வைத்த பெயர்கள். பத்துப் பண்ணைகளில் பத்து ஜக்கிகள் இருப்பார்கள். அப்படிப்பட்ட பக்கங்களைப் பார்த்துவிட்டு ஒருநாள் வீடு வந்து, அதுவரை திறக்காமல் வைத்திருந்த பெரியப்பாவின் கணக்குக் கொப்பியைத் திறந்தேன்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களைப் பற்றி நினைவுக்குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. கணக்குக் கொப்பியில் 1978 முதல் இருந்தார்கள். ‘தோட்டக்காட்டு ஆள் 4’, ‘தோட்டக்காட்டுப் பெட்டை நாற்று நட’, அரிசி இரண்டு கொத்து. பின்பக்கக் காட்டில் மூன்று ஏக்கரை வெட்டி வயலாக்கியதைப் பெரியப்பா முதலாம் கொப்பியில் ‘நான் வெட்டினேன்’ என்று எழுதியிருந்தார். கூலி கொடுத்த கணக்கு மூன்று மாதத்துக்கு இருந்தது.

பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“ஓம், கொட்டிலுக்குப் பக்கத்தில இருந்தவை. மனுசன் நல்லாக் காடு வெட்டுவான். சின்னவன் எண்டுதான் கூப்பிடுறது.”

“உண்மையான பேர் என்ன, பெரியம்மா?”

“ஆர் தம்பி கேட்டது?”

இலண்டனில் இருக்கும் மூத்த அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. அப்பாவின் புத்தகத்தில் அவையளை ஏன் கொண்டுவருகிறாய், வேண்டுமென்றால் நீ தனியாக ஒரு கட்டுரை எழுது என்று செய்தி அனுப்பினார். திவசத்துக்கு ஏழு வாரம் இருக்கிறது, அச்சகத்துக்கு முற்பணமும் கட்டியாயிற்று.

மூன்றாம் நாள் பெரியம்மா தானாகவே எடுத்தார். கிளிநொச்சியில் இப்போதும் இருக்கும் ஒருவரிடம் விசாரித்திருக்கிறார். அந்த மனிதனின் பெயர் கிடைக்கவில்லை. மனைவியின் பெயரும், அவர்கள் பதுளைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதும், மகள் ஒருத்தி வட்டக்கச்சியில் இருக்கிறாள் என்பதும் கிடைத்தன. மகளின் தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாக இரண்டு தடவை சொன்னார்.

“நீ எடுத்துக் கதைக்கிறியே, இல்லாட்டி நான் முதல்ல கதைக்கட்டோ?” என்று கேட்டார்.